வழிகெட்டவர் என்று சொன்னது யார்? ஒரு ஞாயிறு வகுப்பு பற்றி

இஸ்லாத்தின் முதல் முந்நூறு சொச்சம் ஆண்டுகளில் யார் யாரை ‘காஃபிர்’ (இறைமறுப்பாளர்), ‘ஸிந்தீக்’ (வெளியே முஸ்லிம், உள்ளே வேறு நம்பிக்கை), ‘பித்அத்காரர்’ (மார்க்கத்தில் புதுமை புகுத்தியவர்) என்று குற்றம்சாட்டினார்கள், அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தமிழ் இணைய வகுப்பு நடக்கிறது. பன்னிரண்டு வாரம், ஞாயிறு மாலை, ஸூமில், ஒன்றரை மணி நேரம். கட்டணம் மூவாயிரம் ரூபாய். பாடம் எடுப்பவர் அரபு மூலங்களை நேரடியாக வாசிக்கும் ஒரு உஸ்தாத், இலங்கையின் கிழக்குப் பக்கத்துக்காரர். நடத்துவது சிறிய குழு. குறைகளும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். உண்மையிலேயே சேர நினைப்பவர்கள் தனியாகக் கேட்டால் சொல்கிறேன்.

முதலிலேயே என் தீர்ப்பு: சேருங்கள். கொடுத்த பணத்துக்கு மேலேயே கிடைக்கிறது. ஆனால் உஸ்தாதின் அடிப்படை விளக்கம் ஒன்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாடத்திட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் விவரமாக எழுதுகிறேன்.

நான் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் காயல்பட்டினம். ரஜப் மாதமானால் புகாரி ஷரீஃப் (புகாரி இமாம் தொகுத்த ஹதீஸ் நூல்) ஓதுவதைக் கேட்டு வளர்ந்தவள். தொண்ணூறுகளில் எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் பின்னால் ஒருவர் தொழ மறுத்ததையும், அந்தக் காரணத்துக்காகவே ஒரு கல்யாணப் பேச்சு நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். ‘அவர் வழிகெட்டவர்’ என்ற சொல் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வரும்போதெல்லாம், முதன்முதலில் இதைச் சொன்னவர்கள் எந்தச் சூழ்நிலையில் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கும். அதனால்தான் சேர்ந்தேன்.

வகுப்பு நடக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. வியாழக்கிழமை ஒரு பி.டி.எஃப். வரும், பதினைந்து இருபது பக்கம். பெரும்பாலும் தபரீயின் வரலாற்றிலிருந்து உஸ்தாதே தமிழில் ஆக்கிய பகுதிகள். சில வாரம் சரிதை நூல்களிலிருந்து. ஞாயிறு அன்று ஒவ்வொரு வழக்கிலும் நான்கே கேள்வி கேட்பார். குற்றம் சுமத்தியது யார், அவர் கையில் என்ன அதிகாரம் இருந்தது? குற்றம்சாட்டப்பட்டவரின் சொந்த வாய்வார்த்தை நம்மிடம் இருக்கிறதா? இந்தச் செய்தியை நமக்குப் பத்திரப்படுத்திக் கொடுத்தது எந்தத் தரப்பு? இதனால் யாருக்கு லாபம்? வாராவாரம் இதையே கேட்டுக் கேட்டு, கடைசி வகுப்புகளில் மாணவர்களே அவருக்கு முன்னால் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாவது கேள்வியின் பலம் மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்தது. உமையா வம்சத்துக் கலீஃபாக்கள் காலத்து ஜஃது இப்னு திர்ஹமின் கதை அன்று வந்தது. அல்லாஹ் இப்ராஹீம் நபியைத் தோழராக எடுத்துக்கொள்ளவில்லை, மூஸா நபியோடு பேசவில்லை என்று அவர் சொன்னதாகக் குற்றச்சாட்டு. ஆளுநர் காலித் அல்-கஸ்ரீ ஹஜ்ஜுப் பெருநாள் குத்பாவில், ‘நீங்கள் போய் உங்கள் குர்பானியைக் கொடுங்கள், நான் ஜஃதைக் குர்பானி கொடுக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, மிம்பரிலிருந்து இறங்கி அவரை அறுத்தார் என்று செய்தி. மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உஸ்தாத் குரலை உயர்த்தவே இல்லை. ஜஃது எழுதியதாக ஒரு பக்கம்கூட நம்மிடம் வந்து சேரவில்லை, அவர் சொன்னதாக நமக்குத் தெரிவதெல்லாம் அவரை வெறுத்தவர்கள் சொன்னதுதான் என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்த வாரம் என் குறிப்பேட்டில் அதற்கு மேல் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அதே வகுப்பில் கைலான் அத்திமிஷ்கீ. மனிதன் செய்வதற்கு மனிதனே பொறுப்பு என்றவர். கலீஃபா ஹிஷாமின் ஆட்சியில் கொல்லப்பட்டார். மன்னர் செய்யும் அநியாயமும் அல்லாஹ்வின் விதிதான் என்று சொல்லிக்கொள்வது அரண்மனைக்கு வசதியாக இருந்த காலம் அது. அதை மறுத்தவர் ஆட்சிக்கு எதிரியாகத்தான் தெரிந்திருப்பார். ஜஹ்ம் இப்னு ஸஃப்வானும் அப்படித்தான். இன்று அவர் பெயர் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் 746இல் குராஸானில் அவர் கொல்லப்பட்டபோது, உமையாக்களை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த ஹாரிஸ் இப்னு ஸுரைஜின் எழுத்தராக இருந்தார். பிடிபட்டது கிளர்ச்சிக்காரராக. கொள்கைக் குற்றம்தான் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கவாரிஜ்களுக்கு ஒரே ஒரு வகுப்பு என்பது போதவே போதாது. 657இல் ஸிஃப்பீன் போரில் கலீஃபா அலீ அவர்கள் நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டதும், ‘தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே’ என்று சொல்லிப் பிரிந்தவர்கள். அடுத்த வருடம் நஹ்ரவானில் அவர்களோடு போர். 661இல் கூஃபா பள்ளியில் அலீ அவர்கள் அவர்களில் ஒருவனால் வெட்டப்பட்டது. இவ்வளவையும் ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டார். பெரும்பாவம் செய்தவர் முஸ்லிமே இல்லை என்று இவர்கள் சொன்னதற்கு எதிராக, ‘அந்தத் தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டுவிடுவோம்’ என்று நின்ற முர்ஜிஆக்களுக்குப் பத்து நிமிடம். பின்னாளில் அபூ ஹனீஃபா இமாமையே முர்ஜிஆ என்று ஏசினார்கள். அதை விரித்திருந்தால் எத்தனையோ பேருக்குக் கண் திறந்திருக்கும்.

ஸிந்தீக் வேட்டைக்கு இரண்டு வகுப்பு. அவை நன்றாக இருந்தன. பஞ்சதந்திரக் கதைகளைப் பஹ்லவியிலிருந்து அரபுக்குக் கொண்டுபோன இப்னுல் முகஃப்பஃ ஸிந்தீக் என்று பெயர் வாங்கியவர். ஆனால் அவர் உயிருக்கு உலை வைத்தது வேறு ஒன்று என்று நம்ப நிறைய காரணம் இருக்கிறது. கலீஃபா மன்ஸூரை எதிர்த்துத் தோற்ற அவருடைய சிற்றப்பாவுக்கு ஒரு அடைக்கலப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். வாக்கை மீறினால் கலீஃபாவின் மனைவிகள் தலாக் ஆவார்கள், அடிமைகள் விடுதலையாவார்கள், முஸ்லிம்கள் அவருக்குச் செய்த பைஅத்தின் (விசுவாச உறுதிமொழியின்) கடமையும் நீங்கும் என்று அதில் எழுதிவிட்டார். இந்தப் பத்திரத்தின் வாசகத்தை உஸ்தாத் வரி வரியாகப் படித்துக் காட்டியபோது, எழுதுகிற கைக்கு எவ்வளவு தைரியம் என்று வியப்பாக இருந்தது. 756 வாக்கில் பஸ்ராவில் கொடூரமாகக் கொல்லப்பட்டார்.

மன்ஸூரின் மகன் மஹ்தீ காலத்தில் ஸிந்தீக்குகளைத் தேடிப் பிடிக்க என்றே ஒரு அதிகாரி நியமிக்கப்பட்டார். அதாவது சந்தேகப்படுவது ஒரு அரசாங்க உத்தியோகமாகிவிட்டது. பிறவியிலேயே பார்வையில்லாத கவிஞர் பஷ்ஷார் இப்னு புர்து, கலீஃபாவையும் வஸீரையும் (அமைச்சரையும்) வசை பாடிய பிறகு ஸிந்தீக் என்ற பெயரோடு அடித்தே கொல்லப்பட்டார். இந்தப் பகுதியில் வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ சொல்லும் ஒரு கதை வந்தது. கலீஃபா மஃமூன் காலத்தில் பஸ்ராவில், மானி என்பவர் தொடங்கிய மதத்தைச் சேர்ந்த பத்துப் பேரைப் பிடித்துக் கொண்டுபோகிறார்கள். கூட்டமாகப் போவதைப் பார்த்து விருந்துக்குப் போகிறார்கள் என்று நினைத்த ஒரு ஓசிச் சாப்பாட்டுக்காரர் படகில் ஏறிக்கொள்கிறார். பிறகு அவருக்கும் விலங்கு. பக்தாதில் ஒவ்வொருவரிடமும் மானியின் படத்தைக் காட்டித் துப்பச் சொல்கிறார்கள், ஒரு பறவையை அறுக்கச் சொல்கிறார்கள். மறுக்கிற ஒவ்வொருவரும் கொல்லப்படுகிறார். கடைசியில் பதினோராவது ஆள் விஷயத்தைச் சொன்னதும் கலீஃபா சிரித்துவிட்டு மன்னிக்கிறார். வகுப்பிலும் சிரிப்பு வந்தது. சாட்டில் நிறைய சிரிப்பு முகங்கள். உஸ்தாதும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அவர் அங்கே நின்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கதைக்குள் ஒரு படத்தின் மீது துப்ப மறுத்துப் பத்து பேர் செத்துக் கிடக்கிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஓசிச் சாப்பாட்டுக்காரரின் பேச்சு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

இனி மிஹ்னா, அதாவது அறிஞர்களின் கொள்கையைக் கலீஃபாக்கள் சோதித்த விசாரணை. இந்த வகுப்பில் சேர்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம். நான்கு வாரம், கிட்டத்தட்ட எண்பது பக்க வாசிப்பு.

ஹிஜ்ரி 218, கி.பி. 833. பைஸாந்தியர்களோடு போருக்குப் போயிருந்த மஃமூன், ரக்காவிலிருந்து பக்தாத் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குக் கடிதம் எழுதுகிறார்: காழிகளை (நீதிபதிகளை) கூப்பிட்டு, குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறார்களா என்று விசாரி, ஒப்புக்கொள்ளாதவர்களின் சாட்சியம் செல்லாது. முதலில் ஏழு பேரை ரக்காவுக்கே வரவழைத்தார்கள். நபித்தோழர்களின் பெரும் சரிதைத் தொகுப்பை எழுதிய இப்னு ஸஅது, ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோடுவதில் பெயர்பெற்ற யஹ்யா இப்னு மயீன் போன்ற பெரியவர்கள். ஏழு பேரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பிறகு பக்தாதிலேயே இரண்டு டஜனுக்கும் மேற்பட்டவர்களை வரிசையாக நிறுத்தி விசாரணை. தபரீ அந்தக் கேள்வி-பதிலை அப்படியே வைத்திருக்கிறார். உஸ்தாத் அதை நாடகம் போல வாசிக்க வைத்தார். இஸ்ஹாக்காகத் திருச்சிக் கல்லூரி மாணவர் ஒருவர், காழி பிஷ்ர் இப்னு வலீதாகப் பேருவளைத் தங்கச்சி ஒருவர்.

‘குர்ஆனைப் பற்றி என்ன சொல்கிறீர்?’

‘குர்ஆன் அல்லாஹ்வின் சொல்.’

‘நான் அதைக் கேட்கவில்லை. அது படைக்கப்பட்டதா?’

‘அல்லாஹ் எல்லாப் பொருளையும் படைத்தவன்.’

‘குர்ஆன் ஒரு பொருள் இல்லையா?’

‘பொருள்தான்.’

‘அப்படியானால் படைக்கப்பட்டதா?’

‘அது படைப்பவன் இல்லை.’

‘இதைக் கேட்கவில்லை. படைக்கப்பட்டதா?’

‘சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது.’

வாசித்து முடித்ததும் அந்தத் தங்கச்சியின் குரல் உடைந்துவிட்டது. ஒரு வார்த்தையில் வேலை போகலாம், உயிர் போகலாம். பொய்யும் சொல்லக் கூடாது, மாட்டிக்கொள்ளவும் கூடாது. அந்த நிலையில் ஒரு காழி எப்படி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதைப் பத்து வரிகளில் நேரில் பார்க்க முடிகிறது.

இந்தப் பதில்கள் போய்ச் சேர்ந்ததும் மஃமூன் எழுதிய மறுகடிதமும் வாசிப்பில் இருந்தது. படித்துவிட்டு எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்து வந்தது. கொள்கை பற்றித் தொடங்கியவர், ஒவ்வொருவரின் சொந்த வாழ்க்கைக்குள் இறங்கிவிடுகிறார். ஒருவரிடம், அன்பாரில் நீ திருடிய தானியத்தை நினைத்துப் பார் என்கிறார். இன்னொருவரிடம், எகிப்தில் காழியாக இருந்து ஒரு வருடத்துக்குள் சேர்த்த சொத்தைப் பற்றிச் சொல்லிக் காட்டுகிறார். பிஷ்ரையும், ஒரு காலத்தில் தனக்கு எதிராகப் பக்தாதில் கலீஃபாவாக அறிவிக்கப்பட்ட சொந்தச் சிற்றப்பா இப்ராஹீமையும், ஒப்புக்கொள்ளாவிட்டால் தலையை வெட்டு என்கிறார். அரசிடம் எல்லாருடைய கோப்பும் இருந்திருக்கிறது.

கடைசியில் நான்கு பேர் மட்டும் இணங்கவில்லை. அதில் இரண்டு பேர் விலங்கிட்ட பிறகு இணங்கினார்கள். மிச்சம், ஹன்பலி மத்ஹபுக்குப் பெயர் தந்த அஹ்மத் இப்னு ஹன்பலும், இளைஞர் முஹம்மத் இப்னு நூஹும். இருவரையும் பைஸாந்திய எல்லையில் இருந்த தர்ஸூஸுக்கு, மஃமூனிடம் அனுப்புகிறார்கள். அவர்கள் போய்ச் சேருவதற்குள் மஃமூன் இறந்துபோகிறார். திரும்பும் வழியில் இப்னு நூஹும் இறக்கிறார். இமாம் அஹ்மத் சிறையில். அடுத்த கலீஃபா முஃதஸிம் முன்னால் நிறுத்திச் சாட்டையடி. ‘அல்லாஹ்வின் வேதத்திலிருந்தோ ரஸூலின் சுன்னாவிலிருந்தோ ஏதாவது கொடுங்கள், நான் சொல்கிறேன்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார் என்று அவர் குடும்பத்தார் எழுதிவைத்தார்கள். குர்ஆன் படைக்கப்பட்டது என்று வாதிட்ட முஃதஸிலாத் தரப்பைச் சேர்ந்த எழுத்தாளர் ஜாஹிஸோ, அவர் கடைசியில் ஒப்புக்கொண்டார் என்று எழுதினார். உஸ்தாத் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லவில்லை. சிலருக்கு அது கஷ்டமாக இருந்தது, ஒருவர் வகுப்பை விட்டே போய்விட்டார். எனக்கு அது நேர்மையாகப் பட்டது.

ஷாஃபி மத்ஹபில் வளர்ந்த எனக்கு இமாம் ஷாஃபியின் மாணவர் புவைத்தீயின் கதை இந்த வகுப்புக்கு முன் தெரியாது என்பதுதான் பெரிய இழப்பாகத் தோன்றியது. எகிப்திலிருந்து விலங்கோடு கொண்டுவரப்பட்டு, 846இல் பக்தாத் சிறையிலேயே இறந்தார். வெள்ளிக்கிழமை பாங்கு கேட்டதும் குளித்து, உடை உடுத்தி, சிறை வாசல் வரை வருவாராம். காவலர் திருப்பி அனுப்புவாராம். ‘யா அல்லாஹ், உன் அழைப்புக்கு நான் வந்தேன், இவர்கள் தடுத்துவிட்டார்கள்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போவாராம். நம் ஊர் மதரஸாக்களில் அவருடைய ஆசிரியரின் சட்டங்களைப் படிக்கிறோம். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

முஃதஸிமுக்கு அடுத்த கலீஃபா வாஸிக் காலத்தில் அது இன்னும் மோசமாகிறது. அஹ்மத் இப்னு நஸ்ர் அல்-குஸாஈ பக்தாதில் கிளர்ச்சிக்கு ஆள் திரட்டினார் என்று பிடிபடுகிறார். கலீஃபா கேட்பது கிளர்ச்சியைப் பற்றி இல்லை, குர்ஆனைப் பற்றியும் மறுமையில் இறைவனைக் காண்பது பற்றியும். வாஸிக் தன் கையாலேயே வெட்டினார். உடல் ஸாமர்ராவில், தலை பக்தாதில், வருடக்கணக்கில் தொங்கின. 845இல் தர்ஸூஸுக்கு மேற்கே லாமிஸ் ஆற்றங்கரையில் பைஸாந்தியர்களோடு கைதிகள் பரிமாற்றம் நடந்தபோது, திரும்பி வரும் முஸ்லிம் கைதிகளிடமும் இதே கேள்வி. குர்ஆன் படைக்கப்பட்டது என்று சொல்லாதவர்களை எதிரியிடமே விட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. வீட்டுக்கு வர ஒரு ஆறுதான் குறுக்கே. அந்தப் பக்கம் நின்றவர்களை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது என் கருத்து வேறுபாடு. மிஹ்னா முழுக்க அதிகாரப் போட்டி, மார்க்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை கலீஃபாவுக்கா உலமாக்களுக்கா என்பதுதான் சண்டை, குர்ஆன் ஒரு சாக்கு என்பது உஸ்தாதின் விளக்கம். பாதி சரி. சாட்சியம் செல்லாது என்ற விதி ஒன்றே அதைக் காட்டுகிறது. ஆனால் அவரே கொடுத்த வாசிப்பை இன்னொரு தடவை படியுங்கள். ‘ஈஸா அல்லாஹ்வின் சொல், அதனால் படைக்கப்படவில்லை’ என்று சொல்லும் கிறிஸ்தவர்களைப் போல நம் மக்களும் ஆகிவிட்டார்கள் என்று மஃமூன் எழுதுகிறார். அல்லாஹ்வோடு அநாதியான இன்னொன்றைச் சேர்த்துவிடுவோமோ என்பது அவருக்கு உண்மையான பயம். மறுபக்கம், குர்ஆன் அல்லாஹ்வின் அறிவிலிருந்து வந்தது, அவன் அறிவைப் படைக்கப்பட்டது என்று சொன்னால் அதற்கு முன் அவனுக்கு அறிவு இல்லை என்றாகிவிடுமே என்பது இமாம் அஹ்மதின் உண்மையான பயம். இரண்டு பேரும் தௌஹீதை (இறைவன் ஒருவனே என்ற கொள்கையை) காப்பாற்றுவதாகத்தான் நம்பினார்கள். சாக்கு என்று சொல்லிவிட்டால் சாட்டையடி வாங்கியவரின் வலிக்கு அர்த்தமில்லாமல் போகிறது. அதோடு, உண்மையாக நம்புகிறவர் கையில் சாட்டை கிடைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் மறைந்துவிடுகிறது. அரசியல்வாதி லாபம் முடிந்ததும் நிறுத்திவிடுவான். நம்பிக்கையோடு அடிப்பவரை எது நிறுத்தும்? இதை வகுப்பில் கேட்டேன். உஸ்தாத் மறுக்கவில்லை, ‘யோசிக்கிறேன் லாத்தா (அக்கா)’ என்றார். அடுத்த தொகுப்பில் அந்தப் பாடத்தை மாற்றுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

நான் கேட்டதற்கு அவருடைய எட்டாம் வகுப்பே பதில்போல இருந்தது. முழு வகுப்பிலும் சிறந்தது இதுதான். 847இல் ஆட்சிக்கு வந்த கலீஃபா முதவக்கில் படிப்படியாக மிஹ்னாவை நிறுத்துகிறார். சிறைகள் திறக்கின்றன, குஸாஈயின் உடல் குடும்பத்திடம் போகிறது. இதே முதவக்கில்தான் 850 வாக்கில் கர்பலாவில் நபியின் பேரர் ஹுஸைன் அவர்களின் கப்ரை (அடக்கத்தலத்தை) இடித்தவர் என்பதை உஸ்தாத் அதே மூச்சில் சொன்னார். அப்புறம், அடி வாங்கிய தரப்பு என்ன செய்தது? விசாரணையில் இணங்கிவிட்ட யஹ்யா இப்னு மயீன் போன்றவர்களிடமிருந்து இமாம் அஹ்மத் ஹதீஸ் அறிவிக்க மறுத்தார். ‘குர்ஆன் படைக்கப்படவில்லை, ஆனால் நான் ஓதும் உச்சரிப்பு படைக்கப்பட்டது’ என்று சொன்ன கராபீஸீயை ஒதுக்கினார்கள். முஃதஸிலாக்களுக்கு எதிராகவே எழுதிய ஸூஃபி ஹாரிஸ் அல்-முஹாஸிபீ, வாதமுறையில் இறங்கியதற்காக ஒதுக்கப்பட்டு, 857இல் இறந்தபோது அவர் ஜனாஸாவில் நான்கே பேர் என்று சொல்கிறார்கள்.

அடுத்தது புகாரி இமாம். நைஸாபூருக்கு அவர் வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. சீக்கிரமே இந்த உச்சரிப்புக் கேள்வியை அவரிடம் கேட்டார்கள். மனிதனின் செயல்கள் படைக்கப்பட்டவை என்பதுதான் அவர் நிலைப்பாடு. ஊரின் பெரிய ஆலிம் துஹ்லீ, இப்படிச் சொல்பவர்களோடு யாரும் உட்காரக் கூடாது என்று அறிவித்தார். எல்லாரும் விலக, இன்னொரு பெரிய ஹதீஸ் தொகுப்பாளரான இமாம் முஸ்லிம் இப்னு ஹஜ்ஜாஜ் மட்டும் துஹ்லீயிடம் தான் எழுதிய குறிப்புகளையெல்லாம் ஒரு சுமைக்காரர் முதுகில் ஏற்றி அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். புகாரி இமாம் அந்த ஊரை விட்டுப் போனார். சொந்த ஊர் புகாராவிலும் ஆளுநரோடு ஒத்துப்போகாமல் வெளியேற வேண்டிவந்தது. 870இல் ஸமர்கந்துக்கு அருகே கர்த்தங்க் என்ற கிராமத்தில் இறந்தார். ரஜப் மாதம் முழுக்க எந்த நூலை இவ்வளவு மரியாதையோடு ஓதினோமோ, அதைத் தொகுத்தவர் ‘இவரோடு உட்காராதீர்கள்’ என்று சொல்லப்பட்டவர். இதைக் கேட்டபோது என் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

மிஹ்னாவின் கடிதங்களை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்த தபரீயும் தப்பவில்லை. சட்ட அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளைப் பற்றி எழுதும்போது இமாம் அஹ்மதை அதில் சேர்க்கவில்லை, அவர் ஹதீஸ்காரர் என்று சொல்லிவிட்டார். பக்தாதின் ஹன்பலிகள் (இமாம் அஹ்மதைப் பின்பற்றியவர்கள்) அவர் வீட்டின் மீது கல்லெறிந்தார்கள். 923இல் இறந்தபோது, எதிர்ப்புக்குப் பயந்து இரவில் வீட்டிலேயே அடக்கினார்கள் என்று ஒரு அறிவிப்பு இருக்கிறது. பெரும் கூட்டம் வந்தது என்று இன்னொன்று. உஸ்தாத் இங்கேயும் இரண்டையும் கொடுத்தார்.

ஒன்பதாம் வகுப்பின் பதிவு தொலைந்துபோனது. அன்று என் பகுதியில் மின்சாரம் இல்லை, பதிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். கேட்டால் பி.டி.எஃப்பை வாசித்துக்கொள்ளுங்கள் என்று பதில். மூவாயிரம் ரூபாய் வாங்குபவர்கள் அதை மறுபடி நடத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஸூஃபி ஹல்லாஜ். அதற்கு ஒரு விருந்தினரைப் பேசவிட்டார்கள். அவர் ஹல்லாஜின் மீதுள்ள காதலில் கவிதைகளாகவே பாடினார். நான்கு கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை. வாசிப்பில் இருந்த காட்சியைத் தொடவே இல்லை. ஹஜ்ஜுக்குப் போக முடியாதவர் வீட்டில் ஒரு சுத்தமான அறையை ஒதுக்கி அதையே சுற்றிவரலாம் என்ற எழுத்து ஹல்லாஜிடம் கிடைக்கிறது. எங்கிருந்து எடுத்தாய் என்கிறார் காழி அபூ உமர். ஹஸன் பஸ்ரீயின் நூலிலிருந்து என்கிறார் ஹல்லாஜ். ‘பொய், ரத்தம் ஹலாலானவனே! அந்த நூலை நாங்கள் மக்காவில் கேட்டிருக்கிறோம், இது அதில் இல்லை’ என்று காழி கோபத்தில் சொல்லிவிடுகிறார். வஸீர் ஹாமித் உடனே, ‘சொன்னதை எழுதிக் கொடு’ என்று விடாமல் பிடிக்கிறார். காழி நழுவப் பார்த்து, முடியாமல், எழுதிக் கொடுக்கிறார். 922 மார்ச்சில் மரண தண்டனை. வாய் தவறி வந்த ஒரு வசை எப்படித் தீர்ப்பாகிறது என்பதைக் காட்டும் இந்தப் பக்கத்தை வைத்தே ஒரு வகுப்பு நடத்தியிருக்கலாம்.

பாடத்திட்டத்தின் பெரிய ஓட்டை, ஷீஆக்கள். ஏறக்குறைய எல்லா வாசிப்பும் சுன்னி ஏடுகளிலிருந்தே வருகிறது. ஷீஆக்களுக்குள்ளேயே எல்லை மீறியவர்கள் என்று சிலரை ஒதுக்கிய வரலாறு இருக்கிறது. 755 வாக்கில் கூஃபாவில் கொல்லப்பட்ட அபுல் கத்தாபை, அதற்கு முன்பே இமாம் ஜஅஃபர் ஸாதிக் சபித்து விலக்கியிருந்தார். 930இல் கஃபாவின் ஹஜருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போன கர்மத்தீகள் என்ற ஷீஆப் பிரிவைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டும் வந்தது. செய்தியைப் பத்திரப்படுத்தியது எந்தத் தரப்பு என்று வாராவாரம் கேட்கும் வகுப்பில் இந்தக் குறை இருக்கக் கூடாது.

கடைசி வகுப்பு மட்டும் காலத்தால் பிந்திய அறிஞர் கஸ்ஸாலீ. யாரைக் காஃபிர் என்று சொல்லலாம் என்பதற்கு அளவுகோல் வகுத்து அவர் எழுதிய சிறு நூலிலிருந்து பகுதிகள். இறையியல் அறிஞர் அஷ்அரீ சொன்னதற்கு மாறாகச் சொன்னால் குஃப்ர் (இறைமறுப்பு), ஹன்பலி சொன்னதற்கு மாறாகச் சொன்னால் குஃப்ர் என்று நினைப்பவர்களை அதில் நேராகக் கேட்கிறார். ரஸூல் கொண்டுவந்ததைப் பொய் என்பதுதான் குஃப்ர், கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள் விஷயத்தில் முடிந்தவரை நாவை அடக்கு என்கிறார். அதே கஸ்ஸாலீதான் மூன்று விஷயங்களுக்காகத் தத்துவவாதிகளைக் காஃபிர் என்றவர், அவர் உயிரோடிருக்கும்போதே 1109இல் குர்துபாவில் அவருடைய நூல்கள் எரிக்கப்பட்டன என்பதையும் உஸ்தாத் விடவில்லை.

இனி நடைமுறை விஷயங்கள். ஒலி தெளிவாக இருக்கிறது. பி.டி.எஃப்பில் பெயர்களின் எழுத்து பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. ஒரே ஆளை மூன்று பேராக நினைத்துக் குழம்பியவர்கள் உண்டு, ஒரு பெயர்ப்பட்டியல் சேர்த்தால் தீரும். வாட்ஸ்அப் குழுவில் முதல் மாதம் இயக்கச் சண்டை வந்தது. வகுப்பில் இருக்கும் யாரையும் எந்த இயக்கப் பெயராலும் அழைக்கக் கூடாது என்று உஸ்தாத் விதி போட்ட பிறகு அடங்கியது. பெண்களுக்குக் கேமரா கட்டாயமில்லை, கேள்வி கேட்கச் சம வாய்ப்பு உண்டு. முஸ்லிமல்லாத மாணவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கலைச்சொற்கள் முதல் இரண்டு வாரம் சிரமம், பிறகு பழகிவிட்டது. பதிவுகள் மூன்று மாதம்தான் இருக்கும், அதற்குள் பார்த்துவிடுங்கள். தங்கள் தரப்புக்கு ஆதாரம் தேடிச் சேருபவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

அடுத்த தொகுப்பு நோன்புப் பெருநாள் கழிந்து தொடங்குகிறது. சேருபவர்கள் மிஹ்னா வாசிப்பை மட்டும் போனில் படிக்காதீர்கள். அச்செடுத்து, வீட்டில் யாராவது ஒருவரை இஸ்ஹாக்காக வைத்து வாய்விட்டு வாசியுங்கள். என் தம்பிக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறேன்.